ஊட்டி தீம் பார்க் பக்கத்தில் ஓட்டல் வருகிறதாமே, 8 சென்ட் வாங்கிப் போடலாமா?

கேட்டவர் திருப்பூர்க்காரர். போன மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருக்கிறார். ஏரிக்கு வடக்கே உள்ள தீம் பார்க்கில் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே நின்றபோது, சற்று மேலே சரிவில் பச்சை வலை கட்டிப் பொக்லைன் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். 100 ரூம் ஓட்டல் வருகிறது, மேலிடத்தில் அனுமதி வாங்கியாகிவிட்டது என்று ஒரு புரோக்கர் சொன்னாராம். அதே சரிவில் 8 சென்ட் விலைக்கு இருக்கிறது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். "ஓட்டல் வருவது உண்மையா?" என்று கேள்வியை முடித்திருக்கிறார். ஆனால் அவருடைய கவலை ஓட்டலைப் பற்றியது இல்லை. பத்துப் பதினைந்து வருடச் சேமிப்பை அந்த வதந்தியின் மேல் வைக்கலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் குன்னூரில் இருப்பவன். 27 வருடமாக நீலகிரியில் நிலம் அளப்பது, பிளான் போடுவது, தடுப்புச் சுவர் வடிவமைப்பது என்று பிழைப்பு. நீங்கள் சொல்லும் இடத்தை நான் போய்ப் பார்க்கவில்லை, யாருடைய நிலம் என்பதும் தெரியாது. அதனால் ஓட்டல் வரும் என்றோ வராது என்றோ நான் சத்தியம் செய்ய முடியாது. கண்ணுக்குத் தெரிவதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் பொக்லைன். சமவெளியில் பொக்லைன் ஓடினால் கட்டடம் வருகிறது என்று அர்த்தம். மலையில் அப்படி இல்லை. இங்கே பொக்லைன் ஓட்டுவதற்கே அனுமதி வேண்டும், அதைப் பெரும்பாலும் தடுப்புச் சுவர், பாதை, தோட்டத்து வேலை என்று காரணம் காட்டித்தான் வாங்குகிறார்கள். சரிவைப் படிபடியாக வெட்டி மேடை எடுப்பதும் எல்லாரும் செய்வதுதான். வீடு கட்டுபவரும் வெட்டுவார், மலைப்பூண்டு போடுபவரும் வெட்டுவார். பச்சை வலை? அது தூசிக்கும் கட்டலாம், அதிகாரி கண்ணுக்கும் கட்டலாம்.

ஒரு கதை சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் கேத்தி பக்கம் ஒருவர் பெரிய பள்ளம் தோண்டினார். நீளம் எழுபது அடி இருக்கும், ஒரு ஆள் முழுசாக இறங்கி நிற்கும் ஆழம். ஒரே வாரத்தில் 'ஸ்டார் ஓட்டலுக்கு அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்' என்று பேச்சு கிளம்பிவிட்டது. எனக்குத் தெரிந்த பிளம்பர் ஒருவர், நல்ல உழைப்பாளி, மனைவி நகையை வைத்துப் பக்கத்தில் 5 சென்ட் வாங்கினார். இரண்டு மாதம் கழித்துப் பள்ளத்தின் மேல் தகரக் கூரை ஏறியது. கேரட் கழுவும் இடம்! பள்ளம் தண்ணீர்த் தொட்டிக்கு. இன்றைக்கும் அங்கே லாரி லாரியாகக் கேரட் வந்து கழுவி மேட்டுப்பாளையம் போகிறது. பிளம்பர் அந்த 5 சென்டில் பீன்ஸ் போட்டிருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் "சார், நம்ம ஓட்டல்ல இன்னைக்கு என்ன ஸ்பெஷல்?" என்பார்.

பொக்லைனைவிட நம்பலாம் என்று நான் சொல்லும் அடையாளம் ஒன்று உண்டு. மண் பரிசோதனை. மூன்று இரும்புக் குழாயை முக்காலிபோல நிறுத்தி, உச்சியில் கப்பி மாட்டி, 63.5 கிலோ இரும்புச் சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுவார்கள். ஒவ்வொரு அடிக்கும் கீழே உள்ள குழாய் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்பதை ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். ஐந்து தடவை அடித்ததுமே இறங்கினால் மண் சோளமாவு மாதிரி என்று அர்த்தம். ஐம்பது தடவை அடித்தும் இறங்கவில்லை என்றால் பாறை நெருங்கிவிட்டது. சாதாரணமாக வீடு கட்டுபவர் இந்தச் செலவு செய்யமாட்டார். ஒரே நிலத்தில் நான்கைந்து இடத்தில் இந்த முக்காலி நின்றது என்றால், பெரிய கட்டடம் ஒன்றை யாரோ உண்மையாகவே யோசிக்கிறார்கள்.

ஆனால் யோசிப்பது வேறு, கட்டுவது வேறு. இதில் நானே சறுக்கியவன். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு தேயிலைச் சரிவுக்கு கான்டூர் சர்வே, அதாவது மேடுபள்ள அளவு, எடுத்துக் கொடுத்தேன். மண் பரிசோதனையும் நடந்தது, சென்னையிலிருந்து ஆர்க்கிடெக்ட் வந்தார், மாதிரிப் படம்கூட வண்ணத்தில் அச்சாகி வந்தது. என் நெருங்கிய நண்பரிடம் "இது கண்டிப்பா வருது, நான்தான் அளந்தேன்" என்று சொன்னேன். அவர் எதிர்ப்புறம் ஒரு துண்டு நிலம் வாங்கிவிட்டார். ஓட்டல் வரவே இல்லை. அந்த வண்ணப் படத்தை வைத்து நிலத்துக்காரர் நிலத்தை நல்ல விலைக்குக் கைமாற்றினார், அவ்வளவுதான். அளந்தவனுக்கே கடைசி வரை தெரியாத விஷயம் புரோக்கருக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு ஒப்புதல் முத்திரை விழுந்த பிளானைக் கண்ணால் பார்க்காமல் நான் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.

அந்த முத்திரை ஏன் லேசில் விழாது என்பதையும் சொல்ல வேண்டும். மலை ஊர்களுக்கென்று 1993-ல் தனிக் கட்டட விதிகள் வந்தன. நான் பிளான் போட ஆரம்பித்த நாளிலிருந்து மனப்பாடம் ஆன எண் 7 மீட்டர். கட்டடத்தின் உயரம் அதற்குள் அடங்க வேண்டும், அதாவது தரைத்தளமும் ஒரு மாடியும். "அப்படியானால் ஊட்டியில் நான்கு மாடி லாட்ஜ் எப்படி நிற்கிறது?" என்று கேட்பீர்கள். சில கட்டடங்கள் விதிக்கு முந்தியவை. சில, சரிவில் படிபடியாக இறங்கிக் கட்டியவை. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பள்ளத்திலிருந்து பார்த்தால் நான்கு. மிச்சத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. உயரத்தோடு முடிவதில்லை. கட்டடத்தின் தோற்றத்தையும் கலை அம்சத்தையும் பார்க்க ஒரு குழு உண்டு, நாங்கள் 'டிரிபிள் ஏ கமிட்டி' என்போம். இடத்தைப் பொறுத்து மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம், அதாவது 'ஹாகா', அதன் தடையின்மைச் சான்றும் வேண்டும். அதற்கு முன் வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று கோப்பு சுற்றும். ஒருவர் காட்டுக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்பார், ஒருவர் மண் சரியுமா என்று, இன்னொருவர் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று. இந்த வரிசையில் நின்ற கோப்புகள் எனக்கு முன்னால் வயதாகிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

"மேலிடத்து அனுமதி" என்ற வார்த்தைக்கு வருவோம். மலையில் அது கடைசி வார்த்தை இல்லை. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கை வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். விதியை மீறி எழுந்த மாடிகளுக்கு அரசே விலக்கு கொடுத்து ஆணை போட்டது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குப் போட்டது. 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அரசாணையே கையில் இருந்த கட்டடத்துக்கு இந்தக் கதி. நீலகிரியிலேயே சீகூர் பக்கம் பாருங்கள். யானை வழித்தடத்தில் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த ரிசார்ட்டுகளை 2018-ல் உச்ச நீதிமன்றம் சீல் வைக்கச் சொன்னது. யானை வழித்தடத்தைக் காக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்பு சரிதான் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பும் வந்தது. ஊட்டி நகரத்துக்குள் யானை வழித்தடம் இல்லை, அதனால் அதை இதோடு நேராகப் பொருத்தக் கூடாது. கட்டி முடித்து ஓடிய இடமும் பூட்டப்படலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது தண்ணீர். வதந்தியை எடைபோட எனக்குப் பிடித்த தராசு இதுதான். தேசியக் கட்டட விதித் தொகுப்பு சாதாரண ஓட்டலுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் என்று கணக்குச் சொல்கிறது. 5 ஸ்டார் என்றால் 320. 100 ரூம், ரூமுக்கு இரண்டு பேர் என்றால் 36,000 லிட்டர். 6,000 லிட்டர் லாரியில் ஆறு லோடு, தினமும். நீலகிரியில் நினைத்த இடத்தில் போர்வெல் போட முடியாது, அதற்கும் கட்டுப்பாடு உண்டு. நகராட்சித் தண்ணீர் பார்சன்ஸ் வேலியிலிருந்து வருகிறது, கோடையில் ஊர்க்காரர்களே குடத்தோடு நிற்கிறார்கள். ஆக, "100 ரூம்" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து என்பதுதான். இரண்டாவது, கழிவு நீர் எங்கே போகும் என்பது. அந்தச் சரிவிலிருந்து எது வழிந்தாலும் நேராக ஏரிக்குத்தான் போகும், ஏரி ஏற்கெனவே பட்டது போதும். இந்த இரண்டுக்கும் புரோக்கரிடம் பதில் இருந்தால் நானும் கொஞ்சம் காது கொடுப்பேன்.

சிலர், "மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதிக்கான 'பரிவேஷ்' தளத்தில் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு திட்டமே இல்லை, ஆகவே பொய்" என்பார்கள். அதுவும் தப்பு. சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயமாவது 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும்போது. 100 ரூம் ஓட்டல் தாராளமாகக் கட்டினாலும் ஆறேழாயிரம் சதுர மீட்டருக்குள் முடிந்துவிடும். அந்தத் தளத்தில் அது தலைகாட்டவே வேண்டியதில்லை.

வதந்தி எல்லாமே பொய் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் புளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் 1960-களில் வேறு வேறு பெயரில் கம்பெனிகளை வைத்து சத்தமில்லாமல் சுமார் 27,000 ஏக்கர் வாங்கியது. வாங்குவது யார் என்று ஊரே ஆளுக்கொரு பெயர் சொன்னது. 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று டிஸ்னிதான் என்று ஊகித்து எழுதியது, அது சரியாகவே இருந்தது. இன்றைக்கும் அங்கே தீம் பார்க் பக்கத்தில் புது ஓட்டல் வருமா என்று ஆர்வலர்கள் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் தெரியுமா? நீர் மேலாண்மை வாரியத்தில் தாக்கலாகும் மனுக்களை. மழைத் தண்ணீரை எப்படி வெளியேற்றுவேன் என்று காட்டாமல் அங்கே ஒரு செங்கல் வைக்க முடியாது. பொக்லைனைப் பார்த்து அல்ல, காகிதத்தைப் பார்த்துத்தான் அவர்களும் ஊகிக்கிறார்கள்.

சரி, ஓட்டல் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் 8 சென்டுக்கு அதனால் என்ன? இங்கேதான் என் பயம் அதிகம். நீலகிரி மண் பார்க்க உறுதியாக இருக்கும். காய்ந்தபோது வெட்டினால் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும், வெட்டியவருக்கே தைரியம் வந்துவிடும். ஆழமாக உளுத்துப்போன பாறையின் மேல் உட்கார்ந்திருக்கும் செம்மண் அது, தண்ணீர் குடித்துவிட்டால் வேறு ஆள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மாவட்டம் முழுக்கச் சரிந்ததில் 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த வாரம் நான் நடந்து பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் யாரோ அடியில் வெட்டிய சரிவுகள்தான். மழைகூட வேண்டாம். 2024 பிப்ரவரியில், ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில், ஒரு வீட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டப் பள்ளம் எடுத்தபோது மேலே இருந்த பழைய கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளிகள் இறந்துபோனார்கள். பெரிய ஓட்டல் இல்லை அது. ஒரு வீடு.

ஓட்டல்காரர் உங்களுக்குக் கீழே வெட்டினால் உங்கள் மண்ணுக்கு முட்டு போய்விடும். உங்களுக்கு மேலே கட்டினால் அவர் கூரைத் தண்ணீர் முழுக்க உங்கள் நிலத்துக்கு வரும். அவருக்கு எஞ்சினியர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். உங்களுக்கு 8 சென்ட் மட்டும்தான். ஏரியை ஒட்டிய தாழ்வான இடமாக இருந்தால் தொல்லை வேறு மாதிரி. இன்றைக்கு நாம் பார்க்கும் ஊட்டி ஏரி, கலெக்டர் சல்லிவன் 1820-களில் வெட்டிய ஏரியில் ஒரு பகுதிதான். பஸ் ஸ்டாண்ட், ரேஸ் கோர்ஸ் எல்லாம் ஒருகாலத்தில் தண்ணீர் நின்ற இடம். அந்த மாதிரி சதுப்பில் மண் பரிசோதனைக் குழாய் சம்மட்டியால் இரண்டு மூன்று தடவை அடித்ததுமே இறங்கிவிடும்.

8 சென்ட் என்பது காகிதத்தில் சுமார் 3,485 சதுர அடி. சரிவில் அதன் அர்த்தம் வேறு. தடுப்புச் சுவருக்கு, நான்கு பக்கம் விட வேண்டிய இடத்துக்கு, வழிக்கு என்று கழித்தால் கையில் நிற்பது பாதி இருந்தாலே அதிர்ஷ்டம். சுவர்ச் செலவு சில நேரம் நிலத்தின் விலையைத் தொட்டுவிடும். அப்புறம், "காட்டேஜ் கட்டி விட்டால் ஓட்டல் கூட்டம் நிரம்பி உங்களுக்கு வழியும்" என்றும் சொல்லியிருப்பார்கள். குடியிருக்க என்று அனுமதி வாங்கிக் காட்டேஜாக நடத்துவதுதான் இங்கே மிகச் சாதாரணமான மீறல், சீல் வைக்கும்போது முதலில் மாட்டுவதும் அதுதான்.

கூட்டம் என்பதும் முன்பு மாதிரி கணக்கில்லாமல் வராது. 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ். 2025 ஏப்ரலிலிருந்து சீசனுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கும் அரசுப் பஸ்ஸுக்கும் விலக்கு. இந்த எண்கள் மாறலாம். ஆனால் மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று நீதிமன்றம் கேட்க ஆரம்பித்துவிட்டது, ஐஐடி சென்னையையும் ஐஐஎம் பெங்களூரையும் ஆய்வு செய்யச் சொல்லியாகிவிட்டது. 100 ரூமில் பணம் போடுபவர் இதைக் கணக்கில் எடுக்காமல் இருக்கமாட்டார். அதனால் சிறிய அளவில் ஏதோ வரலாம் என்பதை நான் நம்புவேன். 100 ரூம் என்பதை, பேப்பரைப் பார்க்கும் வரை, நம்பமாட்டேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. புரோக்கரிடம் வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் (நகர நில அளவை எண்) மூன்றையும் கேளுங்கள், உங்கள் 8 சென்டுக்கும் ஓட்டல் வருவதாகச் சொல்லும் நிலத்துக்கும் சேர்த்து. "அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்றால் அங்கேயே கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். நம்பர் கிடைத்தால் நகராட்சிக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. இந்த நம்பரில் கட்டட அனுமதி கொடுத்திருக்கிறீர்களா, எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை சதுர மீட்டர், பொக்லைனுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஓட்டல் வருகிறதா' என்று மொட்டையாகக் கேட்டால் 'தகவல் இல்லை' என்றுதான் வரும். உங்கள் நிலத்துக்கு 30 வருட வில்லங்கம் போடுங்கள். தோடர் பழங்குடியினருக்குக் கொடுத்த தோடர் பட்டாவா, நிபந்தனையோடு கொடுத்த பட்டாவா, தனியார் காடு என்று அறிவித்த நிலமா, மாஸ்டர் பிளானில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்திலும் நகரமைப்புப் பிரிவிலும் பாருங்கள். தோடர் பட்டா என்றால் யார் கையெழுத்துப் போட்டாலும் விற்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு தடவை மழை பெய்யும்போது போங்கள். புரோக்கரை அழைக்காமல், குடையோடு. தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, மரங்கள் நேராக நிற்கின்றனவா, அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வளைந்திருந்தால் அந்த மண் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. திரும்பும் வழியில் பக்கத்து டீக்கடையில், இங்கே மூன்று கால் வைத்து யாராவது இரும்பு அடித்தார்களா என்று கேளுங்கள். நாள் முழுக்க 'ணங் ணங்' என்று கேட்கும் சத்தம் அது, டீ போடுபவர் மறந்திருக்கமாட்டார்.